இனிப்புப் பொறியியல் – 9: சாயாமல் சாயும் கேக்

இத்தாலியின் பைசா கோபுரம் இன்று சாய்ந்து நிற்பது ஏறத்தாழ 4 டிகிரி. அதைப் பார்க்கத்தான் உலகமே திரண்டு போய், கையை நீட்டித் தாங்கிப் பிடிப்பதுபோலப் படம் எடுத்துக்கொண்டு வருகிறது. பிறந்தநாள் மேஜையில் வைக்கிற மூன்றடுக்கு டாப்ஸி-டர்வி கேக்கின் மேற்பரப்போ சர்வசாதாரணமாக 10, 11 டிகிரி சாய்ந்திருக்கும். கோபுரம் கல்லால் ஆனது. கேக்கில் இருப்பது மாவும் முட்டையும் வெண்ணெயும், பாதிக்குப் பாதி காற்றும்.

சென்ற வாரம் நேராக நிற்கும் அடுக்கு கேக்கைப் பார்த்தோம். மேல் அடுக்கின் பாரம் கீழ் அடுக்கின் கேக்கில் இறங்கக் கூடாது. கேக்குக்குள் செருகிய தாங்கு குச்சிகள் வழியாக அடிப்பலகைக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த ஒரு விதி தெரிந்தால் ஐந்தடுக்கு வரை தைரியமாக ஏற்றலாம் என்று எழுதியிருந்தேன். இந்த வாரக் கேக், அதே விதியை வைத்துக்கொண்டு பார்ப்பவர்களின் கண்ணைக் கட்டும் கேக்.

பார்த்திருப்பீர்கள். ஒவ்வோர் அடுக்கும் கீழே குறுகி மேலே விரிந்திருக்கும். ஒன்று இடப்பக்கம் சரியும், அடுத்தது வலப்பக்கம். ஒன்றில் கோடு, ஒன்றில் புள்ளி, ஒன்றில் கட்டம். உச்சியில் சுருள் கம்பிகளில் நட்சத்திரங்கள் ஆடிக்கொண்டிருக்கும். லூயிஸ் கரோலின் ‘ஆலிஸ்’ கதை 1865-ல் வெளிவந்தபோது, அதில் வரும் தொப்பிக்காரருக்கு ஜான் டெனியல் வரைந்த தொப்பியும் இப்படித்தான் மேலே விரிந்திருந்தது. அதனால் இதற்கு ‘மேட் ஹேட்டர் கேக்’ என்றும் பெயர். இதை வேடிக்கை என்ற இடத்திலிருந்து கலை என்ற இடத்துக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் நியூயார்க்கின் கோலெட் பீட்டர்ஸ். அவருடைய முதல் புத்தகம் 1991-ல் வந்தது. அப்புறம் 2006-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘ஏஸ் ஆஃப் கேக்ஸ்’ தொடங்கியது. பால்டிமோரில் டஃப் கோல்ட்மேன் துளைப்பான், ரம்பம், மரப்பலகை சகிதம் கேக் செய்வதைப் பார்த்த பிறகு, கோணல் கேக் கேட்காத வாடிக்கையாளரே இல்லை என்றாகிவிட்டது.

சரி, எப்படி நிற்கிறது?

இரண்டு வழி உண்டு. முதல் வழி, பார்த்தவுடன் எல்லோருக்கும் தோன்றுவது: இரண்டு அடுக்குகளுக்கு நடுவே ஆப்புபோல ஒரு தெர்மாகோல் துண்டை வைத்து, மேல் அடுக்கை நிஜமாகவே சாய்த்துவிடுவது. செய்யலாம், செய்கிறார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். 5 கிலோ அடுக்கை 11 டிகிரி சரிவில் வைத்தால், அதில் 950 கிராம் பாரம் சரிவின் போக்கிலேயே எந்நேரமும் கீழே இழுத்துக்கொண்டிருக்கும். அடியில் இருப்பதோ பட்டர்கிரீம். வழுக்கிவிடுவதற்கு அதைவிடத் தோதான பொருள் சமையலறையில் எண்ணெய் ஒன்றுதான். தாங்கு குச்சிகளையும் ஒவ்வொன்றாக வெவ்வேறு உயரத்தில் வெட்ட வேண்டும். செங்குத்தாக நின்றால்தான் குச்சி பாரம் தாங்கும். மேலிருந்து பக்கவாட்டில் உதை விழ விழ, ஒரு குச்சி சாயும், பக்கத்துக் குச்சியும் சாயும், பிறகு கேக் தன் இஷ்டத்துக்குப் போகும். ஆகவே இந்த வழியில் இறங்குபவர்கள் அடிப்பலகையிலிருந்து உச்சிவரை நடுவில் ஒரு தண்டு நிறுத்துகிறார்கள். பலகையில் திருகி முடுக்கிய இரும்புக் கம்பி என்றால் நிம்மதி. வெறும் மரக்குச்சியை நம்பி இதைச் செய்வதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது வழிதான் அழகு. இதில் எதுவுமே சாய்வதில்லை. கேக் முழுக்க முழுக்க மட்டமாக, நேராக நிற்கிறது. சாய்ந்திருப்பது மேற்பரப்பு மட்டும்தான்.

10 அங்குல அடுக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஓர் அங்குல கனத்தில் ஐந்து வட்டுகள். நான்கை இடையில் கிரீம் தடவி அடுக்கியாயிற்று. ஐந்தாவது வட்டை மேஜையில் வைத்து, இடப்பக்க மேல் விளிம்பிலிருந்து வலப்பக்கக் கீழ் விளிம்புக்குக் கத்தியைச் சாய்வாக இறக்க வேண்டும். இப்போது இரண்டு ஆப்புகள். மேலே இருக்கும் ஆப்பைத் தூக்காமல், அந்தச் சரிவின் மேலேயே அரை வட்டம் திருப்புங்கள். இரண்டு ஆப்பின் கனமான பக்கமும் ஒரே திசைக்கு வந்துவிடும். ஒரு பக்கம் 2 அங்குலம், எதிர்ப்பக்கம் பூஜ்யம். ஒரு துளி கேக் வீணாகவில்லை, 11 டிகிரி சரிவு கிடைத்துவிட்டது. இதை முதலில் கண்டுபிடித்தவர் யாரானாலும் கைகுலுக்கத் தகுந்தவர். முதல் தடவை பார்ப்பவர்கள் ‘இன்னொரு தடவை திருப்புங்க’ என்று கேட்காமல் இருக்க மாட்டார்கள்.

இந்த ஆப்பை ஒட்டுவதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. நான்கு வட்டு அடுக்கைத் தலைகீழாகக் கவிழ்த்து, மேலே 8 அங்குல கேக் போர்டை நடுவாக வைத்து, அதன் விளிம்பிலிருந்து வெளிநோக்கிச் சரிவாகச் செதுக்கிக்கொண்டே இறங்க வேண்டும். நிமிர்த்தினால் அடியில் 8, மேலே 10. தொப்பி வடிவம் வந்துவிட்டது. ஆனால் செதுக்கியதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கேக் தூளாகத் தட்டில் கிடக்கும். அதை கேக் பாப்பாக உருட்டி விற்றுவிடலாம் என்பது ஆறுதல். விலை சொல்லும்போது இந்தத் தூளையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது பலருக்கு மூன்றாவது ஆர்டரில்தான் உறைக்கிறது.

இனி குழி. இதுதான் இந்த வித்தையின் உயிர். சரிவான மேற்பரப்பின் நடுவில் 6 அங்குல வட்டம் கீறிக்கொண்டு, அதன் தாழ்ந்த விளிம்பின் மட்டத்துக்கே உள்ளே முழுவதையும் சமதளமாகத் தோண்டி எடுக்க வேண்டும். தாழ்ந்த பக்கத்தில் குழி ஆழம் ஒன்றுமே இருக்காது. உயர்ந்த பக்கத்தில் ஒன்றேகால் அங்குலம் வரும். தோண்டியபின் கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தின் சின்ன வடிவம் ஒன்றைக் குழிக்குள் வைத்துப் பாருங்கள். குமிழ் நடுவில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் இன்னும் கொஞ்சம் சுரண்ட வேண்டியதுதான். அடுத்த அடுக்கு, அதாவது மேலே 8, அடியில் 6 அங்குலமாகச் செதுக்கியது, இந்தக் குழிக்குள் பொருந்தி உட்காரும். குழியின் தரை மட்டமாக இருப்பதால் தாங்கு குச்சிகள் எல்லாம் ஒரே உயரம், எல்லாம் செங்குத்து. சென்ற வாரப் பாடத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

பார்ப்பவர் கண்ணுக்கு மட்டும் எல்லாம் மாறிவிடுகிறது. மேல் அடுக்கின் பாதம் ஒரு பக்கம் குழிக்குள் மறைந்துவிடும், மறுபக்கம் முழுதாகத் தெரியும். கீழ் அடுக்கின் சரிவுக் கோட்டைத்தான் கண் தரை என்று எடுத்துக்கொள்கிறது. சரிந்த தரையில் நிற்பது சரியத்தானே வேண்டும் என்று மூளை முடிவு கட்டிவிடுகிறது. அடுத்தடுத்த அடுக்குகளின் சரிவை எதிரெதிர்ப் பக்கம் திருப்பி வைப்பதில் இரட்டை லாபம்: கோணல் இன்னும் அதிகமாகத் தெரியும், கனமான பக்கங்கள் மாறி மாறி வருவதால் மொத்தப் பாரமும் நடுவிலேயே நிற்கும்.

சாய்வாகவே கேக்கை வேகவைத்து எடுக்கும் டின் செட்டுகளும் கடையில் கிடைக்கின்றன. செதுக்கும் வேலை மிச்சம்தான். ஆனால் ஒரே டின்னில் ஒரு பக்கம் மாவு ஆழமாகவும் மறுபக்கம் மெல்லியதாகவும் இருந்தால், ஆழமான பக்கம் வேகும்வரை மெல்லிய பக்கம் காய்ந்துகொண்டிருக்கும். எனக்குக் கத்தியே மேல்.

எந்தக் கேக்கையும் இப்படிச் செதுக்கிவிட முடியாது. நம் ஊர் பேக்கரிகளில் பழகிய மெத்துமெத்து ஸ்பாஞ்சும் அதன்மேல் விப்பிங் கிரீமும் இதற்குச் சுத்தமாக ஆகாது. கத்தி பட்டதும் பிய்ந்துவரும், குழியின் சுவர் அரைமணி நேரத்தில் உள்ளே சரியும். பவுண்ட் கேக், மட் கேக் மாதிரி நெருக்கமாக வெந்த வெண்ணெய்க் கேக் வேண்டும். எண்ணெய் ஊற்றிச் செய்த கேக் குளிர்பெட்டியில் வைத்தாலும் மெத்தென்றே இருக்கும். வெண்ணெய்க் கேக் குளிர்ந்தால் இறுகும். ஓர் இரவு குளிரவைத்து, பிரெட் வெட்டும் பல் கத்தியால் செதுக்கினால் ஓரம் சீவினாற்போல வரும். செதுக்கியதும் காற்றுப்படாமல், சாக்லேட்டும் கிரீமும் கலந்த கனாஷ் பூசிவிட வேண்டும். டார்க் சாக்லேட் என்றால் இரண்டு பங்குக்கு ஒரு பங்கு கிரீம். வெள்ளைச் சாக்லேட் என்றால் மூன்றுக்கு ஒன்று. சென்னை, மதுரை மே மாதத்தில் சாக்லேட்டை இன்னும் கூட்டிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். வெண்ணெய் உருக 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே போதும். நம் வெயில் அதையும் தாண்டித்தானே நாளைத் தொடங்குகிறது!

அதற்குமேல் ஃபாண்டன்ட் என்னும் சர்க்கரைப் போர்வை. நேரான கேக்கில், சப்பாத்தி மாவுபோல உருட்டித் திரட்டிய ஃபாண்டன்ட்டை மேலே போர்த்திக் கீழ்நோக்கித் தடவினால் ஒட்டிக்கொள்ளும். இங்கே சுவர் உள்வாங்கிப் போகிறது. போர்த்தினால் விளிம்பிலிருந்து திரைபோலத் தொங்கி நிற்கும், கேக்கைத் தொடவே தொடாது. கையால் உள்ளே தள்ளினால் மடிப்பு விழும். இழுத்தால் உயர்ந்த பக்கத்துக் கூர் விளிம்பில் கிழியும். தாமதித்தால் மேல்தோல் காய்ந்து சுருக்கம் விழும். பேக்கர்கள் அதை ‘எலிஃபண்ட் ஸ்கின்’ என்பார்கள். அனுபவசாலிகள் இந்தப் போராட்டத்துக்கே போவதில்லை. சுவருக்குத் தனியாக ஒரு பட்டை வெட்டிச் சுற்றுகிறார்கள், மேற்பரப்புக்குத் தனியாக ஒரு வட்டு வைக்கிறார்கள். இரண்டும் சேரும் இடத்தில் தையல் தெரியுமே? அதை மறைக்கத்தான் இந்தக் கேக்குகளின் விளிம்பெல்லாம் முத்து முத்தாக உருண்டைகள் கோத்திருக்கிறார்கள். அலங்காரம் என்று நாம் ரசிப்பதில் பாதி ஒட்டுவேலை.

கடற்கரை ஊர்களில் இன்னொரு தொல்லை. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த ஃபாண்டன்ட் கேக், ஈரக்காற்று பட்டதும் வியர்க்கும். அடர் சிவப்பு, கறுப்புப் புள்ளிகள் வெள்ளைமேல் வழிந்தால் துடைக்கவும் முடியாது. துடைத்தால் இன்னும் பரவும். ஏசி அறையில் மெதுவாகப் பழக்கி எடுப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

மண்டபத்துக்குக் கொண்டுபோவதுதான் கடைசிக் கண்டம். காரில் கொஞ்சம் அழுத்தி பிரேக் போடுகிறோம். புவியீர்ப்பில் பத்தில் மூன்று பங்கு அளவுக்கு வேகம் குறைந்தாலே, கேக்கைப் பொறுத்தவரை தரை திடீரென்று 17 டிகிரி சாய்ந்ததற்குச் சமம். நிஜமாகவே ஆப்பு வைத்துச் சாய்த்த கேக் என்றால், சரிவு முன்பக்கம் பார்த்திருந்தால், இந்த 17 ஏற்கெனவே உள்ள 11-உடன் சேர்ந்துகொள்ளும். குழிக் கேக் இங்கேயும் தப்பித்துக்கொள்கிறது. முன்பக்கம் போக விடாமல் குழியின் சுவர் கொஞ்சமாவது பிடித்துக்கொள்ளும். அப்படியும் மூன்றடுக்கையும் கட்டி எடுத்துப் போகாதீர்கள். தனித்தனிப் பெட்டி, அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு, டிக்கியின் சமதளத்தில். இருக்கையில் வைக்கவே கூடாது; கார் இருக்கைகள் பின்பக்கம் தாழ்ந்திருக்கும். மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லும் சித்தப்பாவிடம் அன்பாக மறுத்துவிடுங்கள். மண்டபத்தில் மேஜையையும் ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுக்க வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு, தெர்மாகோலிலேயே செய்துவிடலாமே என்று கேட்பீர்கள். இலங்கையில் தமிழர் வீட்டுக் கல்யாணங்களிலும் சிங்களர் வீட்டுக் கல்யாணங்களிலும் மேஜையில் நிற்கும் பெரிய கேக் பெரும்பாலும் ரெஜிஃபோம், அதாவது தெர்மாகோல் கூடுதான். முந்திரியும் உலர்பழங்களும் போட்ட ரிச் கேக்கைத் துண்டு போட்டு, சின்னச் சின்னப் பெட்டிகளில் வைத்து விருந்தினருக்குத் தனியாகக் கொடுப்பார்கள். யாரும் ஏமாந்ததாக நினைப்பதில்லை. நம் வெயிலுக்கும் வேகத்தடைகளுக்கும் இது நல்ல முன்மாதிரி. கீழிரண்டு அடுக்கு கூடு, வெட்டுவதற்கு உச்சி அடுக்கு மட்டும் நிஜக் கேக், மீதிப் பேருக்குச் சமையலறையிலிருந்து தட்டில் துண்டுகள். என்னைக் கேட்டால், 100 பேருக்கு மேல் வரும் விழாவில் இப்படித்தான் செய்ய வேண்டும். முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும்.

இதைப் படிப்பவர்களில் கேக் செய்பவர்களைவிட ஆர்டர் கொடுப்பவர்கள்தான் அதிகம் என்பது எனக்குத் தெரியும். உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது வாட்ஸ்அப்பில் ஒரு படத்தை அனுப்பி, ‘இதே மாதிரி வேணும், விலை எவ்வளவுக்கா?’ என்று கேட்காதீர்கள். எத்தனை பேர், மண்டபத்தில் ஏசி உண்டா, எத்தனையாவது மாடி, லிஃப்ட் இருக்கிறதா, கேக் எத்தனை மணி நேரம் மேஜையில் நிற்க வேண்டும் என்பதையும் படத்தோடு சேர்த்து, ஒரு வாரம் முன்னதாகவே அனுப்புங்கள். நேரான கேக்கைவிட விலை கூடச் சொன்னால் பேரம் பேசாதீர்கள்.

அடுத்த வாரம்: சர்க்கரைப் பாகை ஊதிப் பூ செய்பவர்கள்.

(தொடரும்)