வழி ஞாபகம் இருந்தால் வண்டி ஓட்டலாமா?

மறதி நோய் (டிமென்ஷியா) கண்டவரைப் பற்றிப் பேச்சு வந்தால், ‘வழியெல்லாம் நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஓட்டுவதில் ஒரு குறையும் இல்லை’ என்று குடும்பத்தார் சொல்வது வழக்கம். இந்த ஆறுதல் ஆபத்தானது. அல்ஸைமருக்கே அது அரைகுறையாகத்தான் பொருந்தும்; அரிய வகை டிமென்ஷியாக்களில் நினைவு கெடும் முன்பே ஓட்டும் திறன் கெட்டுவிடலாம். 2018 தேசிய சுகாதார ஆய்வின்படி, 60 வயதைத் தொட்ட மலேசியர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு மறதி நோய் இருக்கக்கூடும். அவர்களில் அரிய வகையினர் சிறு பகுதிதான்; ஆனால் அவர்களைக் கண்டுகொள்வதுதான் கடினம்.

ஃபிரான்டோடெம்போரல் டிமென்ஷியா பெரும்பாலும் 45 முதல் 65 வயதுக்குள், வேலைக்குப் போய்வரும் காலத்திலேயே தொடங்குகிறது. கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொல்வார். தயக்கமும் நிதானமும்தான் போய்விட்டிருக்கும். சிவப்பு விளக்கு தெரியும், நிற்க வேண்டும் என்பதும் தெரியும், ஆனாலும் நிற்கமாட்டார். இந்நோயாளிகளைச் சிமுலேட்டரில் உட்கார வைத்துச் சோதித்தபோது, மற்றவர்களைவிட வேகமும் மோதலும் கூடுதலாக இருந்தன. லூயி பாடி டிமென்ஷியாவில் தெளிவும் குழப்பமும் ஒரே நாளில் மாறி மாறி வரும், பகலிலேயே தூக்கம் அசத்தும், இல்லாத ஆள் எதிரே நிற்பதாகத் தோன்றும். காலையில் டாக்டரிடம் தெளிவாகப் பேசியவர், மாலையில் பினாங்குப் பாலத்தின் நடுவில் தடுமாறலாம். மூளையின் பின்பகுதி சுருங்கும் வகையிலோ கண்ணில் கோளாறே இருக்காது; கண் பார்த்ததை மூளை புரிந்துகொள்ளாது. கண்ணாடிக் கடையில் பவரை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். ஜார்ஜ்டவுன் லெபோ பாசாரில் இருபுறமும் கார்கள் நிற்க, இடையில் மோட்டார் சைக்கிள் நுழையும்போது, இடைவெளியைக் கணிக்க முடியாமல் பக்கக் கண்ணாடியை உரசிக்கொண்டு வருவார். அந்தக் கீறலை எந்த ஞாபகப் பரீட்சையும் காட்டாது.

நோயின் பெயரைக் கேட்டதுமே சாவியைப் பிடுங்குவது அநியாயம் என்பார்கள். நியாயமான பேச்சுதான். ஆரம்பக் கட்டத்தில் பத்திரமாக ஓட்டுபவர்களும் உண்டு. ஆயர் ஈத்தாமிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் தண்ணீர்மலைக் கோயிலுக்கும் பஸ்ஸையே நம்பிப் போய்வருவது முதியவர்களுக்கு லேசல்ல. அதனால்தான் பெயரை வைத்தோ ஞாபகத்தை வைத்தோ முடிவெடுக்காமல், சாலையில் ஓட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்கிறேன். வயதை வைத்து வடிகட்டலாமே என்றால், சிங்கப்பூரில் முதிய ஓட்டுநர்களுக்கு மருத்துவப் பரிசோதனை கட்டாயம். ஆனால் 52 வயதில் வரும் நோய் அதில் சிக்காது. மலேசியாவிலோ லாரி, பஸ் போன்றவற்றைத் தொழிலாக ஓட்டுபவர்களுக்குத்தான் மருத்துவச் சோதனை. சொந்தக் கார் லைசென்ஸைப் புதுப்பிக்க அது தேவையில்லை. ஆகவே முதலில் கவனிக்க வேண்டியவர்கள் வீட்டார்தான். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள். புதிய கீறல், காரணமில்லாத பிரேக், கோட்டைத் தாண்டிய சக்கரம் எல்லாவற்றையும் தேதியோடு குறித்து டாக்டரிடம் கொடுங்கள். ஞாபகம் எப்படி இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள்.