பட்டறையை விற்க ஆள் இருக்கு... வாங்கப் பணம்?

துவாக்குடி, திருவெறும்பூர் பக்கம் ஒரு சுற்று போய் வாருங்கள். 1960-களில் பெல் கொதிகலன் ஆலை வந்த பிறகு, அதை நம்பி முளைத்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் வரிசை கட்டி நிற்கும். முதலாளிக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. மகன் பெங்களூரில், மகள் அமெரிக்காவில். ஸ்ரீரங்கத்து மெஸ்ஸுக்குப் போனாலும் இதே கதைதான்.

பட்டறையைப் பதினைந்து வருஷமாகத் தோளில் சுமக்கும் மேனேஜருக்கு அதை எடுத்து நடத்தத் தெரியும். கையில்தான் காசு இல்லை. வங்கிக்குப் போனால் மெஷின் வாங்கக் கடன் உண்டு. ஒரு கம்பெனியின் பங்குகளையே வாங்கக் கடன் கேட்டால் கையை விரித்துவிடுவார்கள். 2025 அக்டோபரில் ரிசர்வ் வங்கி இந்தக் கதவைத் திறப்பதாக அறிவித்தது. ஆனால், அது பெரிய கம்பெனிகளுக்கான கதவு.

இந்த இடத்தில்தான் பிரைவேட் ஈக்விட்டி எனும் தனியார் முதலீட்டாளர்கள் வருகிறார்கள். அமெரிக்காவில் 1984-லிருந்தே 'சர்ச் ஃபண்ட்' என்றொரு வழி இருக்கிறது. நடத்தத் தெரிந்த ஒருவர் நல்ல தொழிலைத் தேடிப் பிடிப்பார். சிலர் சேர்ந்து பணம் போடுவார்கள். நடத்துபவருக்குச் சுமார் 25 சதவிகிதம் வரை பங்கு, அதுவும் தவணை தவணையாக.

நம் ஊர் கணக்காகவே போடுவோம். பட்டறையின் விலை 6 கோடி. மேனேஜர் நகையையும் வீட்டையும் வைத்துப் புரட்டியது 60 லட்சம். பழைய முதலாளி 1.4 கோடியை மூன்று வருஷத்தில் வாங்கிக்கொள்ளச் சம்மதிக்கிறார். மீதி 4 கோடி முதலீட்டாளருடையது. வட்டி இல்லை, இ.எம்.ஐ இல்லை. கேட்கவே இனிக்கும்.

ஆனால், அவர் வருஷத்துக்கு 20 சதவிகிதம் எதிர்பார்த்தால், ஐந்து வருஷத்தில் அந்த 4 கோடி கிட்டத்தட்ட 10 கோடியாகத் திரும்ப வேண்டும். அதை யார் கொடுப்பது? கம்பெனியே பங்குகளைத் திரும்ப வாங்கலாம் என்றால், மூலதனமும் ரிசர்வும் சேர்ந்த தொகையில் 25 சதவிகிதத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறது கம்பெனிச் சட்டம். மிச்சமிருப்பது, இன்னொரு முதலீட்டாளர் வருவது அல்லது பட்டறையையே பெரிய கம்பெனிக்கு விற்பது. விற்கும்போது மேனேஜரும் தன் பங்கை விற்றே ஆக வேண்டும் என்ற ஷரத்து பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும். பணம் எப்படி வருகிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். எப்படிப் போகும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

பெரிய அளவில் இது எப்படி நடக்கிறது என்பதற்கு டாக்டர் அகர்வால்ஸ் கண் மருத்துவமனையைப் பாருங்கள். 1957-ல் சென்னையில் தொடங்கிய குடும்ப மருத்துவமனை. 2016-ல் ஏ.டி.வி பார்ட்னர்ஸ், 2019-ல் டெமாசெக், 2022-ல் டி.பி.ஜி என்று முதலீட்டாளர்கள் வந்தார்கள். அந்தப் பலத்தில் ஊர் ஊராகச் சிறிய கண் மருத்துவமனைகளை வாங்கிச் சேர்த்தார்கள். 2025-ல் பங்குச் சந்தைக்கு வந்தபோது, 2016-ல் வந்த ஏ.டி.வி ஏற்கெனவே விற்றுவிட்டுப் போயிருந்தது. யார் மேலும் கோபமில்லை. ஃபண்டுக்கு ஆயுள் குறைவு, அவ்வளவுதான். அங்கே அடுத்த முதலீட்டாளர் வரிசையில் காத்திருந்தார். துவாக்குடிக்கு வருவாரா?

சம்மதம் என்றால் சில வேலைகள் உண்டு. தனிநபர் பெயரில் இருக்கும் தொழிலில் இவர்கள் பங்கு வாங்க முடியாது. பிரைவேட் லிமிடெட் ஆக்க வேண்டும். வெள்ளைக் கணக்கு மட்டும்தான் விலைக்கு எடுபடும். துண்டுச் சீட்டு வியாபாரத்துக்கு மதிப்பு பூஜ்யம்! பழைய முதலாளி ஒரு வருஷமாவது கூட இருப்பதை எழுத்தில் வாங்குங்கள். வெல்டர்களுக்கும் ஆர்டர் கொடுப்பவர்களுக்கும் அவர் முகம்தானே பழக்கம்.

ஸ்ரீரங்கத்து மெஸ்ஸுக்கு இதெல்லாம் ஒத்துவராது. சில கோடிகளுக்குக் கீழே இந்த முதலீட்டாளர்கள் எட்டிப் பார்ப்பதில்லை. அங்கே மாமாவிடமே தவணை பேசி வாங்கிவிட்டு, அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் முத்ரா கடன் கேட்கலாம். புதிதாக வருபவர்களுக்கு 10 லட்சம் வரை. அதை ஒழுங்காகக் கட்டி முடித்தவர்களுக்கு இப்போது 20 லட்சம்.