பிசிஷியன் அசிஸ்டென்ட் ஆவது எப்படி?

மருத்துவருடன் இணைந்து நோயாளியைப் பரிசோதித்து, நோயைக் கண்டறிந்து, மருந்தும் எழுதித் தருபவரை அமெரிக்காவில் ‘பிசிஷியன் அசிஸ்டென்ட்’ என்கிறார்கள். டாக்டர் பற்றாக்குறையைச் சமாளிக்க, வட கரோலினாவிலுள்ள டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜீன் ஸ்டெட் 1965-இல் இந்தப் படிப்பைத் தொடங்கினார். கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்த நால்வரே முதல் மாணவர்கள்.

இன்று அது முதுகலைப் படிப்பு. சேருபவர்கள் இளநிலையிலேயே உயிரியல், வேதியியல் படித்திருக்க வேண்டும். நோயாளிகளைக் கவனித்த அனுபவத்தையும் பல கல்லூரிகள் கேட்கின்றன. படிப்புக் காலம் பெரும்பாலும் 27 மாதங்கள். முதல் ஆண்டில் உடற்கூறியல், உடலியங்கியல், மருந்தியல் வகுப்புகள். அடுத்து பொது மருத்துவம், அறுவை சிகிச்சை, குழந்தைகள் நலம், மகப்பேறு, மனநலம், அவசர சிகிச்சை எனப் பிரிவு பிரிவாகச் சென்று, ஏறத்தாழ 2,000 மணி நேரம் மருத்துவமனைப் பயிற்சி பெறுகிறார்கள். பின்னர் தேசியத் தேர்வில் தேறி, மாநில உரிமமும் வாங்க வேண்டும். சான்றிதழைத் தக்கவைக்க, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை 100 மணி நேரத் தொடர்கல்வி கட்டாயம்.

இந்தியாவில் இந்தப் படிப்பு 1992-இல் சென்னையில் தொடங்கியது. இதய அறுவை சிகிச்சை நிபுணர் கே.எம்.செரியன் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் அதை அறிமுகப்படுத்தினார். தமிழ்நாட்டில் பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு படித்தவர்கள் இதை இளநிலைப் பட்டமாகவே படிக்கலாம்.