மூச்சு தடைபடும் வேளையில்...

 

எங்கள் மத்ரஸாவில் மாணவரொருவர் குர்ஆன் ஓதி முடித்த மகிழ்ச்சியில் அவருடைய வீட்டார் கடலை மிட்டாய் வழங்கினர். ஓடியாடிக்கொண்டே தின்ற ஆறு வயதுச் சிறுவனுக்குத் தொண்டை அடைத்தது. குரல் எழவில்லை, உதடுகள் நீலம் பாய்ந்தன. நான் பதறித் தண்ணீர் புகட்ட முயன்றேன், உச்சந்தலையில் தட்டினேன். இரண்டுமே தவறு!

பிள்ளையை அழைத்துச் செல்ல வந்திருந்த ஒரு தாய், செவிலியர், அவனை முன்புறம் சாய்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஓங்கித் தட்டினார். மூன்றாம் தட்டில் மிட்டாய் வெளியே வந்து விழுந்தது. அல்ஹம்துலில்லாஹ்! அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. ஓர் உயிரைக் காப்பதன் மேன்மையைக் கூறும் வசனத்தை (5:32) போதிக்கும் நான், காக்கும் வழியைக் கற்கவில்லையே!

நம் முன்னோர் இக்கலையில் பின்தங்கியோர் அல்லர். தொண்டை அடைபட்டவருக்குப் பொன் அல்லது வெள்ளிக் குழாயைச் செலுத்தி மூச்சுக்கு வழிசெய்யலாம் என இப்னு ஸீனா தம் 'அல்கானூன்' நூலில் குறித்துள்ளார். கத்தியால் தன் கழுத்தை அறுத்துக்கொண்ட ஒரு பணிப்பெண்ணின் காயத்தைத் தைத்துக் குணப்படுத்திய குர்துபாவின் அஸ்ஸஹ்ராவி, மூச்சுக்குழலில் ஏற்படும் வெட்டுக்காயம் ஆறக்கூடியதே என்று கண்டார். 1162இல் மறைந்த இப்னு ஸுஹ்ர் அதனை ஓர் ஆட்டிடம் சோதித்தும் பார்த்தார்.

இனி, நாம் செய்ய வேண்டியது என்ன?

அடைபட்டவர் இருமவும் பேசவும் முடிந்தால், இருமவே விடுங்கள். முடியாவிட்டால், முன்புறம் சாய்த்து முதுகில் ஐந்து முறை தட்டுங்கள். பலனில்லையெனில், பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே கைமுட்டியை வைத்து, உள்ளும் மேலுமாக ஐந்து முறை அழுத்துங்கள். அடைப்பு நீங்கும்வரை இவ்விரண்டையும் மாறி மாறிச் செய்யுங்கள். கர்ப்பிணிகளுக்கு வயிற்றை விடுத்து நெஞ்சை அழுத்த வேண்டும்.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க முதுகில் ஐந்து முறை தட்டுங்கள். பிறகு மல்லாத்தி, நெஞ்சின் நடுவே ஐந்து முறை அழுத்துங்கள். வயிற்றை அழுத்தவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் துழாவாதீர்கள். அது இன்னும் ஆழத்தில் சென்று சிக்கும்.

நினைவிழந்து மூச்சும் நின்றுவிட்டால், உடனே 108ஐ அழைக்கச் சொல்லி, தரையில் மல்லாத்துங்கள். பெரியவரெனில் நெஞ்சின் நடுவே இரு கைகளையும் சேர்த்து வைத்து, ஐந்து சென்டிமீட்டர் அமிழுமாறு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை என்ற வேகத்தில் 30 முறை அழுத்துங்கள். பின்னர் நெற்றியைப் பின்னே சாய்த்து, மோவாயை உயர்த்துங்கள். நாக்கு விலகி வழி திறக்கும். வாயில் அடைப்பு தெரிந்தால் எடுத்துவிட்டு, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து இரு முறை ஊதுங்கள். உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள். மூச்சின்றிச் சில நிமிடங்கள் கழிந்தாலே மூளை பழுதடையத் தொடங்கும்.

அந்நிய ஆண், அந்நியப் பெண் என்ற தயக்கம் எழலாம். உயிருக்கு ஆபத்தான நிர்ப்பந்த வேளையில் ஷரீஅத் சலுகை வழங்கியுள்ளது. தயங்கி நிற்பதே பிழையாகும்.

சகோதர சகோதரிகளே! படித்ததோடு நின்றுவிடாமல், பயிற்சி பெற்றவரை உங்கள் மஹல்லாவுக்கு அழைத்து நேரில் கற்றுக்கொள்ளுங்கள். எங்கள் மத்ரஸாவில் இப்போது ஒரு விதி உண்டு: உட்கார்ந்தே உண்ண வேண்டும். அது நபிவழியும்கூட, உயிர்க்காவலும்கூட.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக! ஆமீன்.