காலனி வீட்டில் குழந்தை எதை வைத்து விளையாடும்?

கரும்பு வெட்டு நடக்கும் மாதங்களில் கச்சிராயபாளையம் பக்கத்துக் காலனிகளுக்குப் பகலில் போனால் பெரியவர்களைப் பார்ப்பது அரிது. விடியுமுன்னே அம்மாவும் அப்பாவும் வயலுக்குப் போயிருப்பார்கள். தொகுப்பு வீட்டு வாசலில் ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார், மடியில் ஒரு பிள்ளை, தரையில் இரண்டு. பாட்டி இல்லாத வீட்டில் செல்போன் இருக்கும். அதுவும் இல்லாத வீட்டில், நான்காம் வகுப்புப் படிக்கும் அக்கா பள்ளிக்குப் போகாமல் தம்பியை இடுப்பில் வைத்திருப்பாள்.

இந்தப் பகுதியில் நாம் பஞ்சமி நிலம், மயானப் பாதை, கோயில் நுழைவு என்றுதான் அதிகம் எழுதியிருக்கிறோம். ஐந்து வயதுகூட ஆகாத பிள்ளை வீட்டில் பகலை எப்படிக் கழிக்கிறது என்பதும் நம் பிரச்சினைதான்.

ஒரு காலனியில் தாய்மார்களிடம் பேசிக்கொண்டிருந்தோம். "பொம்மை வாங்க எங்க காசு? திருவிழாவுல அம்பது ரூபாய்க்கு வாங்குன காரு ரெண்டு நாள்ல உடைஞ்சி போச்சி" என்றார் ஒருவர். அவர் மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கொட்டாங்கச்சியிலிருந்து இன்னொன்றுக்குப் புளியங்கொட்டைகளை மாற்றிக்கொண்டிருந்தாள். முனகலாக ஏதோ பாட்டு வேறு. அம்மா சட்டென்று கையைத் தட்டிவிட்டார். "கையெல்லாம் அழுக்கு."

அந்தத் தாயைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அழுக்கு என்ற சொல்லால் தலைமுறை தலைமுறையாக அடிக்கப்பட்டவர்கள் நாம். நம் பிள்ளை மண்ணில் உட்கார்ந்தால் ஊர்த்தெருக்காரர் என்ன சொல்வாரோ என்று முதலில் நெஞ்சு பதறுகிறது. இன்னொரு பக்கம், பனங்காய் வண்டியைப் பற்றி ஏக்கமாக எழுதுகிறவர்களின் வீட்டுப் பிள்ளைகள் ரிமோட் கார் ஓட்டுகிறார்கள். வறுமைக்கு அழகு பூசும் அந்த வேலை நமக்கு வேண்டாம்.

ஆனால் அந்தச் சிறுமி செய்துகொண்டிருந்தது என்ன? எது அதிகம், எது குறைவு என்று பார்க்கிறாள். இரண்டு விரலால் கொட்டையைப் பொறுக்குகிறாள். நாளை பென்சில் பிடிக்கப்போவதும் அதே விரல்கள்தான். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர் அரவிந்த் குப்தா, தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் கோத்து முக்கோணமும் சதுரமும் செய்யப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தந்தார். குப்பையிலிருந்து பொம்மை செய்யும் அந்த வேலைக்காகவே அறியப்பட்ட அவருக்கு 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதே வேலை நம் வாசலில் நடந்தால் அழுக்காகிவிடுமா? விளையாடி முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டால் போதும்.

இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு தாம்பாளத்தில் கொஞ்சம் தண்ணீரும் இரண்டு டம்ளரும் கொடுத்துப் பாருங்கள். ஊற்றி ஊற்றி அரை மணி நேரம் ஓடிவிடும். பழைய புடவையைச் சுருட்டிக் கட்டினால் பொம்மை. கொஞ்சம் வளர்ந்தவர்களுக்கு மக்காச்சோளத் தட்டையில் மாட்டு வண்டி, பூவரசு இலையில் பீப்பீ, வாசலில் பதினான்கு குழி பறித்தால் பல்லாங்குழி. படித்து முடித்த இந்த நாளிதழிலேயே கப்பலும் தொப்பியும் செய்யலாம்.

கதைக்குக் காசே வேண்டாம். கல்வராயன் மலையில் ஜாகீர்தார்களுக்குக் கூலியில்லாமல் வெட்டி வேலை செய்த காலம் 1976-ல்தான் முடிந்தது. அதைக் கண்ணால் பார்த்த தாத்தா பாட்டிகள் வெள்ளிமலைப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். ஐந்து வயதுப் பேரனுக்கு ஜாகீர் என்றால் புரியாது. 'வேலை செஞ்சோம், கூலி தரல' என்றால் நன்றாகப் புரியும்.

தகர டப்பாவைக் குச்சியால் தட்டித் தாளம் போட்ட பேரனிடமிருந்து ஒரு தாத்தா அதைப் பிடுங்கியதைப் பார்த்தோம். "இந்த வேலையே வேணாம்னுதான் படிக்க வைக்கிறோம்" என்றார். பிள்ளைக்குத் தாளம் வெறும் தாளம்தான். ஆனால் ஊரார் கூப்பிட்டதும் சாவு வீட்டுக்குப் பறையோடு ஓடியவரிடம் அதைச் சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

சில விஷயங்களில் கண்டிப்பு வேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை கையில் புளியங்கொட்டை கூடாது, தொண்டையில் சிக்கும். குன்றிமணி, ஆமணக்கு, காட்டாமணக்கு விதைகள் எந்த வயதிலும் வேண்டாம், அவை விஷம். பூச்சிமருந்து பாட்டிலைக் கழுவிக் கொடுத்தாலும் அது பூச்சிமருந்து பாட்டில்தான். விளக்கெரியும் மலிவுப் பொம்மை உடைந்தால் உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரியை உடனே எடுத்து அப்புறப்படுத்துங்கள். விழுங்கினால் உணவுக்குழாயையே அரித்துவிடும்.

இவ்வளவையும் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமே! பொம்மைப் பஞ்சத்தைவிட ஆள் பஞ்சம்தான் நம் வீடுகளில் பெரிது. நூறு நாள் வேலைக்காக 2005-ல் வந்த சட்டம் இதை யோசித்திருந்தது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலையிடத்துக்கு வந்தால், அங்குள்ள பெண்களில் ஒருவரை அவர்களைப் பார்த்துக்கொள்ள வைத்து, அவருக்கும் கூலி தர வேண்டும் என்று எழுதியிருந்தது. கரும்புக் காட்டில் அப்படி ஒரு ஏற்பாடும் இல்லை.

மிச்சமிருப்பது அங்கன்வாடி. ஆடல், பாடல், கதை, விளையாட்டு எல்லாம் அங்கே பாடமாகவே இருக்கின்றன. அது ஊர்த்தெருவில் இருந்தால் காலனிப் பிள்ளைகளை யார் தினமும் கூட்டிப்போவது? மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2001-ல் தொடுத்த உணவு உரிமை வழக்கில், பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகள் அனைத்திலும் அங்கன்வாடி வேண்டும் என்று 2004-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் உள்ள குடியிருப்பில் அங்கன்வாடி இல்லையென்றால், மக்கள் கேட்ட மூன்று மாதத்துக்குள் திறக்க வேண்டும் என்று 2006 டிசம்பரில் இன்னொரு உத்தரவும் வந்தது. காலனியாக இருந்தாலும் மலைக் கிராமமாக இருந்தாலும் கேட்கலாம்.

அடுத்த கிராமசபைக்கு முன், உங்கள் தெருவில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, இப்போதிருக்கும் அங்கன்வாடி எவ்வளவு தூரம் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகள் ஒரே மாலையில் முடித்துவிடலாம். பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியைக் கிராமசபையிலும், ஒன்றைக் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலரிடமும், இன்னொன்றைத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.