வியர்வை தெரியாத வெயில்

மண்வெட்டியால் வரப்பு வெட்டுபவரின் தசைகள் எரிக்கும் ஆற்றலில் கால்வாசிதான் வேலையாகிறது. மீதி முக்காலும் சூடு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் கொஞ்சம் மூச்சு வாங்க உழைத்தால், உடலுக்குள் சுமார் 300 வாட் வெப்பம் பிறக்கும்; அந்தக் கால 60 வாட் குண்டு பல்பு ஐந்தை வயிற்றுக்குள் எரியவிட்டதற்குச் சமம். அது வெளியேற வழியே இல்லையென்றால் 12 நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் உடல் சூடேறி, 37-இல் தொடங்கியது 40 நிமிடத்துக்குள் 40 டிகிரியைத் தாண்டிவிடும். அப்படி நடக்காமல் காப்பது மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ்.

ரத்தச் சூடு லேசாக ஏறியதுமே அது தோலின் ரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. ஓய்வில் நிமிடத்துக்கு அரை லிட்டர்கூடத் தேறாத தோலின் ரத்த ஓட்டம், கடும் வெப்பத்தில் 6 முதல் 8 லிட்டர்வரை போகும். உள்ளே பிறந்த சூட்டை ரத்தம் சுமந்து வந்து தோலில் இறக்கிவைக்க, காற்று அதை வாங்கிக்கொள்கிறது. ஆனால் தோலைவிடக் காற்று குளிர்ந்திருக்கும்வரைதான் இந்த ஏற்பாடு செல்லும். வெளியே 36, 37 டிகிரி ஆகிவிட்டால் காற்றே உடலுக்குச் சூடு கொடுக்கத் தொடங்கும். அதன்பிறகு உடலிடம் மிஞ்சியிருக்கும் ஒரே வழி வியர்வை.

உடலெங்கும் 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். ஆவியாவதுதான் கணக்கு, சொட்டித் தரையில் விழுந்ததும், துண்டால் துடைத்ததும் வீண். ஆலப்புழையின் ஈரக் காற்றில் சட்டை நனைந்து பிழிந்தாலும் உடம்பு ஆறாததற்குக் காரணம் இதுதான்.

பாலக்காட்டின் அட்டப்பாடி மலைப்பகுதியில் உள்ள அகளியில் கதை வேறு. அட்டப்பாடியின் மேற்கு ஓரத்தில், முக்காலியை ஒட்டி சைலண்ட் வேலியின் மழைக்காடு. கிழக்கே ஆனைகட்டியை நெருங்க நெருங்க மழை மறைவுப் பகுதி. அங்கே முள்ளும் புதரும்தான். மார்ச், ஏப்ரலில் இந்தக் கிழக்குச் சரிவில் அடிக்கும் காற்றில் ஈரம் குறைவு. வியர்வை சுரந்த கையோடு காய்ந்துவிடும். உடலைக் குளிர்விக்க இதைவிட நல்ல காற்று கிடையாது. ஆனால் ஏமாற்றுவதும் இதே காற்றுதான். உழைப்பவர் ‘வேர்க்கவே இல்லை’ என்று நினைத்துக்கொண்டிருப்பார். மாலையில் சட்டையின் முதுகில் வெள்ளையாகப் படிந்திருக்கும் உப்புக்கோடுதான் உண்மையைச் சொல்லும். மணிக்கு ஒரு லிட்டர் போவது இந்த வேலையில் சாதாரணம்.

போகும் தண்ணீரில் ஒரு பங்கு ரத்தத்திலிருந்து போகிறது. தசையும் ரத்தம் கேட்கிறது, தோலும் கேட்கிறது. இருக்கும் ரத்தமோ குறைந்துகொண்டே வருகிறது. ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்கிறது. காலையில் எளிதாகத் தூக்கிய கல் மதியம் கனப்பது இதனால்தான். உடல் எடையில் 2 சதவீதம் அளவுக்கு நீர் குறைந்தாலே உழைக்கும் திறன் சரியத் தொடங்கும். தாகம் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் உறைக்கிறது. நீர்மோரும் உப்பிட்ட கூழும் வெறும் பழக்கமல்ல. போன தண்ணீரோடு போன உப்பையும் அவை திருப்பித் தருகின்றன.

வெயிலுக்கு உடல் பழகவும் செய்யும். தினமும் வெயிலில் உழைத்தால் 10 முதல் 14 நாளில் ரத்தத்தின் நீரளவு கூடும், வியர்வை சீக்கிரமே தொடங்கும், அதில் உப்பு குறையும். சில வாரம் நிழலில் இருந்தால் இந்தப் பழக்கம் போய்விடும். அதனால் வெயில் வேலையில் முதல் வாரமே அதிக ஆபத்தானது.

அட்டப்பாடிக்கென்று இன்னொரு கவலையும் உண்டு. இங்குள்ள பழங்குடி ஊர்களில் அரிவாள் செல் நோய் பரவலாக இருக்கிறது. உடலில் நீர் வற்றும்போது சிவப்பணுக்களும் சுருங்கி, உள்ளிருக்கும் ஹீமோகுளோபின் அடர்ந்து, அணுக்கள் அரிவாள்போல் வளைந்து குழாய்களை அடைக்கின்றன. தாங்க முடியாத வலி வரும். இந்த நோய் உள்ளவர்களின் சிறுநீரகத்தால் நீரைச் சேமித்துவைக்கவும் முடியாது; மற்றவர் தாங்கும் வெயிலிலேயே இவர்கள் வற்றிவிடுகிறார்கள். தண்ணீர்க் குடம் வேலையிடத்தில் எங்கே வைக்கப்படுகிறது என்பது இவர்களுக்கு மருந்துக்குச் சமமான விஷயம்.

2024 ஏப்ரல் கடைசியில் பாலக்காட்டில் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டி, வெப்ப அலை அறிவிக்கப்பட்டது. கோடையில் பகல் 12 முதல் 3 மணிவரை திறந்த வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று கேரளத் தொழிலாளர் துறை ஆண்டுதோறும் உத்தரவிடுகிறது. கூலிக்குப் போகிறவரை அந்த உத்தரவு காக்கும். சொந்தக் காட்டில் துவரை அடிப்பவருக்கும் ஆடு மேய்ப்பவருக்கும் அவரவர் உடம்புதான் கடிகாரம்.

உடல் 40 டிகிரியைத் தாண்டி, பேச்சு குழறி, நடை தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. உழைக்கும்போது வருகிற வெப்பத்தாக்கில் தோல் வியர்த்தே இருக்கலாம். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. காய்ச்சலில் ஹைப்போதலாமஸே சூட்டின் அளவை உயர்த்தி வைக்கிறது, பாராசிட்டமால் அதை இறக்குகிறது. வெப்பத்தாக்கில் உயர்ந்தது அந்த அளவல்ல, உடம்பின் சூடு மட்டுமே. மாத்திரைக்கு அங்கே வேலையில்லை. நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். மருத்துவமனைக்கு வண்டி வரும்வரை அதை நிறுத்தக் கூடாது.