போரோபுதூர்: கருவறை இல்லாத திருத்தலம்

கோயிலுக்குச் செல்லும் தமிழர் கோபுர வாயில் கடந்து, கொடிமரத்தை வணங்கி, கருவறையை நோக்கி நடப்பர். உள்ளே எழுந்தருளியிருப்பவரைக் கண்டதும் வந்த நோக்கம் நிறைவேறிவிடும். இந்தப் பழக்கத்தோடு சாவாத் தீவிலுள்ள போரோபுதூருக்குப் போகிறவர் திகைப்பது இயல்பே. அங்கே கருவறை இல்லை. புகுந்து நின்று தொழ ஓர் அறைகூட இல்லை. குன்றொன்றின்மீது கருங்கல்லைப் போர்த்தி அடுக்கடுக்காக எழுப்பிய கட்டடம் அது. அதன்மேல் ஏறலாம், அதனைச் சுற்றலாம். அதற்குள் நுழைய இயலாது.

அப்படியாயின் அங்கே வழிபாடு என்பது எது? நடப்பதுதான் வழிபாடு. சைலேந்திர மன்னர் காலத்தில், கி.பி. 8ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலுமாகக் கட்டப்பெற்ற இப்பௌத்தத் தலம், கால்களால் படிக்கவேண்டிய ஒரு நூலாகவே அமைக்கப்பட்டது. கீழே சதுரத் தளங்கள். அவற்றில் நான்கு சுற்றுப் பிராகாரங்கள். அவற்றுக்குமேல் மூன்று வட்டத் தளங்கள்; உச்சியில் ஒரு பெரிய தூபி. நான்கு திசையிலும் படிகள் இருப்பினும் சிற்பக் கதைகள் கிழக்குப் படியருகேதான் தொடங்குகின்றன. அங்கிருந்து இடப்பக்கம் திரும்பி, கட்டடத்தின் நடுவை வலக்கைப் பக்கம் வைத்து நடக்கவேண்டும். தமிழர் நன்கறிந்த வலம் வருதலே இது.

பிராகாரத்தின் இருபுறமும் சுவர்கள், சுவரெங்கும் சிற்பங்கள். முதற் பிராகாரத்தில் நான்கு வரிசையும், மற்ற மூன்றில் இவ்விரண்டு வரிசையும் உள்ளன. ஒவ்வொரு வரிசையையும் முறைப்படி பார்க்க விரும்புவோர் பத்து முறை வலம் வந்தாக வேண்டும். நடக்கும்போது வெளிச்சுவர் வயல்களை மறைக்கும். உட்சுவர் மேல்தளத்தை மறைக்கும். வழியோ அடிக்கடி மூலை திரும்பும். அடுத்த சில அடிகளுக்கு மேல் எதுவும் புலப்படாதபடி கட்டியவர்கள் எண்ணியே செய்திருக்கவேண்டும்.

முதற் பிராகாரத்தின் உட்சுவரில் 120 சிற்பங்கள் புத்தர் பெருமானின் வரலாற்றைக் கூறுகின்றன. அவ்வரலாறு பரிநிருவாணம் வரை செல்லவில்லை. மான் சோலையில் அவர் நிகழ்த்திய முதல் உபதேசத்தோடு நின்றுவிடுகிறது. குருவின் சொல் பிறந்தாயிற்று, இனிக் கேட்டவன் நடக்கவேண்டியதுதான் என்பது போல, இரண்டாம் பிராகாரத்திலிருந்து வேறொருவனின் கதை தொடங்குகிறது.

அவன் பெயர் சுதனன். வணிகர் குலத்து இளைஞன். மெய்யறிவு தேடிப் புறப்பட்ட அவனுடைய பயணத்தைச் சொல்வது கண்டவியூகம் என்னும் வடமொழிப் பௌத்த நூல். அதனைத் தழுவி 460 சிற்பங்கள் செதுக்கப்பட்டுள்ளன. சுதனன் ஐம்பதுக்கு மேற்பட்ட ஆசான்களை நாடிச் செல்கிறான். அவர்கள் எல்லோரும் துறவியர் அல்லர். மாலுமி, நறுமணப் பொருள் விற்பவர், அரசர், கணிகை ஆகியோரும் உளர். ஆற்று மணலில் தோழர்களோடு விளையாடும் சிறுவனும் ஓர் ஆசான். எண்ணும் எழுத்தும் அவனிடம் கற்கவேண்டியிருக்கிறது! ஒவ்வொருவரும் தாம் அறிந்ததைக் கூறிவிட்டு, 'எனக்குத் தெரிந்தது இவ்வளவே. மேலும் அறிய இன்னாரிடம் செல்க' என்று அனுப்பிவைப்பர்.

அவர்களுள் ஒருவர் தமிழ் வாசகர் நின்று கவனிக்கத்தக்கவர். மேகன் என்னும் பெயருடைய அவரைத் 'திரமிடர்' என்றே அந்நூல் குறிக்கிறது. எழுத்தும் சொல்லும் கற்பிக்கும் ஆசிரியர் அவர். தம்மை வணங்கிய இளைஞன் மெய்யறிவில் உள்ளம் வைத்தவன் என்று கேட்டதும், ஆசனத்தை விட்டிறங்கி அவனையே வணங்குகிறார். மாணாக்கனை ஆசிரியர் வணங்கும் காட்சி எந்த இலக்கியத்திலும் எளிதில் கிட்டுவதன்று. திரமிடம் என்பது தென்னாட்டைப் பொதுவாகச் சுட்டிய வழக்கும் உண்டாதலின், இதனை வைத்துக்கொண்டு தமிழ்ப் பெருமை முழக்குவது தேவையற்றது. அந்த வணக்கத்தின் பொருளை உணர்ந்தால் போதும்.

சுதனன் வருவதும், வணங்குவதும், கேட்பதும், போவதுமான சிற்பங்கள் பார்ப்பதற்குப் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். அலுப்புத் தட்டும். தேடுபவனுக்கு அந்த அலுப்பும் பயணத்தின் ஒரு பகுதியே. அதைத் தாண்டி வட்டத் தளத்தில் கால் வைத்தவுடன் சுவர்கள் மறைகின்றன, கதைகளும் இல்லை. திறந்த வானமும் தொலைவில் மெராப்பி எரிமலையும் தோன்றும். 32, 24, 16 என்று வட்டமாக நிற்கும் 72 துளையிட்ட தூபிகளுக்குள் புத்தர் உருவங்கள் பாதி தெரிந்தும் பாதி மறைந்தும் அமர்ந்திருக்கின்றன. நடுவிலுள்ள பெருந்தூபியில் துளையும் இல்லை. செதுக்கிய உருவமும் இல்லை. கீழே அத்தனை கதை கேட்டு வந்தவனுக்கே இங்குள்ள மௌனம் விளங்கும்.

ஆயினும் இக்காலத்தில் வருவோர் பலர் படிவழியே நேராக உச்சிக்கு ஏறி, படம் பிடித்து இறங்கிவிடுகின்றனர். நூலின் கடைசிப் பக்கத்தை மட்டும் புரட்டியவர் அதனைப் படித்தவராகார். அதனினும் வருந்தத்தக்கது, அவர்தம் காலணிகளால் படிக்கற்கள் தேய்ந்தமை. மழைநீர் உட்புகுந்து சரியவிருந்த கட்டடத்தை, யுனெஸ்கோவின் துணையோடு இந்தோனேசிய அரசு 1973 முதல் 1983 வரை பெரும்பொருள் செலவிட்டுச் செப்பனிட்டது. அங்கிருந்த 504 புத்தர் சிலைகளுள் 300க்கு மேற்பட்டவை சிதைந்தவை. அவற்றுட் பெரும்பாலானவை தலையிழந்தவை. இத்தலத்தைத் தரிசிக்க 1896ஆம் ஆண்டு வந்த சயாம் மன்னர் சூலலங்கோர்ணுக்கு டச்சு ஆட்சியினர் எட்டு வண்டிச் சிற்பங்களை அன்பளிப்பாக அனுப்பிவைத்ததும் உண்டு. பக்தியும் சில வேளைகளில் பாரவண்டியோடு வந்துவிடுகிறது. 2023ஆம் ஆண்டில், மேலேறுவோர் தொகை நாளொன்றுக்கு 1,200 என வரையறுக்கப்பட்டது. கல்லைத் தேய்க்காத மென்மையான செருப்பு அணிவதும், வழிகாட்டியோடு செல்வதும் விதியாக்கப்பட்டன. கோயில் வாயிலில் செருப்பைக் கழற்றிப் பழகியவர்க்கு இது சுமையாகத் தோன்றாது.

செல்ல எண்ணுவோர் ஒரு முழுநாளை ஒதுக்குவது நன்று. சுமார் மூன்று கிலோமீட்டர் தொலைவிலுள்ள மெண்டுட் கோயிலிலிருந்து தொடங்கலாம். அங்கே கருவறை உண்டு. கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்த பெரிய புத்தர் உருவமும் உண்டு. வைசாகப் பௌர்ணமியன்று பௌத்தர்கள் அங்கிருந்து பாவோன் கோயில் வழியாகப் போரோபுதூருக்கு ஊர்வலமாக நடந்து வருகின்றனர். வந்தவுடன் படியேறாமல் தென்கிழக்கு மூலையின் அடித்தளத்தை முதலில் பார்க்கவேண்டும். வினையும் அதன் பயனும் காட்டும் 160 சிற்பங்களை அக்காலத்திலேயே கல்லடுக்கால் மூடிவிட்டனர். கட்டடம் சரியாதிருக்கவே அவ்வாறு செய்தனர் என்பது பலர் கருத்து. 1885ஆம் ஆண்டுதான் அவை இருப்பது வெளிப்பட்டது. இப்போது அம்மூலையில் மட்டும் சில சிற்பங்கள் திறந்து கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றன்மேல் சிற்பிக்குக் குறிப்பாக எழுதிய 'விரூப' என்னும் சொல் இன்றும் இருக்கிறது. அழகற்ற முகம் என்பது பொருள். அதன் கீழே அத்தகைய முகங்களையே சிற்பி செதுக்கியிருக்கிறான்.